மெடலுக்கு ஒரு கூட்டணி, கோர்வைக்கு ஒரு கூட்டணி

பதிவு போட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. யாரும் தேடலைன்னும் தெரியும், அதனால அந்தக் கதையை இதோட விட்டுடறேன் :-)

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். பெரியப்பா வீட்டுல பரண் ஒழிக்கற வேலை நடந்துட்டு இருந்துச்சு. மேல ஏறி பொட்டிகளை இறக்கினது நான். அதுல ஒரு பொட்டியில பெரியப்பா பொண்ணோட காலேஜ் சாமான். பயோடெக் படிச்சவ. 2022-ல அவங்க காலேஜ் டீம் ஐஜெம் போட்டியில கலந்துகிட்டப்போ அவளும் அதுல இருந்தா. கறை படிஞ்ச ஒரு லேப் நோட்டு, பதினோரு பேர் சிரிச்சுகிட்டு நிக்கற ஒரு போட்டோ, கலர் கலரா கொடிகள் அச்சடிச்ச ஒரு சர்டிபிகேட்.

சர்டிபிகேட்டைப் பார்த்து "பரவால்லையே, இன்டர்நேஷனல் கொலாபரேஷனா?"ன்னு கேட்டேன். அவ சிரிச்சா. "அது சும்மா அண்ணா. நிஜமானது இந்த நோட்டுல இருக்கு. நீதான் எதையாவது எழுதுவியே, இதை எழுதேன். காலேஜ் பேரை மட்டும் போட்டுடாத"ன்னா.

போடல தாயி. ஆனா அவ சொன்னதைக் கேட்டதுல இருந்து எனக்கும் சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு. அதான் இந்தப் பதிவு.

ஐஜெம் தெரியாதவங்களுக்கு ரெண்டு பாரா. தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம்.

பொட்டி தட்டற நம்ம பாஷையில சொன்னா, சிந்தெடிக் பயாலஜிங்கறது உயிரணுவுக்கு கோடு எழுதற வேலை. டிஎன்ஏ துண்டுகளை லைப்ரரி ஃபங்ஷன் மாதிரி எடுத்து, கோத்து, பாக்டீரியாவுக்குள்ள விட்டு, "இந்த வேலையைச் செய்"ன்னு சொல்றது. கம்பைல் ஆகறதுக்கு வாரக்கணக்காகும், எரர் மெசேஜ் வராது, செத்துப் போனா மட்டும் தெரியும். எம்ஐடி-யில 2003 ஜனவரியில ஒரு சின்ன கோர்ஸா ஆரம்பிச்சாங்க. 2004-ல அஞ்சு அமெரிக்க டீம்களோட போட்டியாச்சு. 2005-ல கேம்பிரிட்ஜ், சூரிச், டொரண்டோன்னு வெளிநாட்டு டீம்களும் சேர்ந்து மொத்தம் 13. 2012-ல எம்ஐடி-யை விட்டு தனி அமைப்பாச்சு. சமீப வருஷங்கள்ல 400 டீம் அளவுக்கு வருது. ரொம்ப நாள் பாஸ்டன்ல நடந்த இறுதி மாநாடு, 2022-ல பாரீஸுக்குப் போச்சு.

நம்ம பக்கமும் ஆளுங்க உண்டு. 2009-ல பெங்களூர்ல இருந்து ஒரு டீம், பயாலஜி படிக்காத கலைக்கல்லூரி பசங்க, மண்வாசனை வீசற பாக்டீரியா செய்யப் போனாங்க. சென்னை ஐஐடி பல வருஷமா கலந்துக்குது. எங்க மாவட்டத்துலயே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கற ஸ்ரீ வெங்கடேஸ்வரா இன்ஜினியரிங் காலேஜ் 2016-ல போச்சு. ஃப்ரிட்ஜ் இல்லாத கிராமத்துல பால் கெடாம பாதுகாக்கறது அவங்க ப்ராஜெக்ட். டீம் பேர் என்னவோ 'எஸ்விசிஇ சென்னை'. ஊர் எங்களுது, பேர் சென்னைக்கு. என்னத்த சொல்ல. (தங்கச்சி டீம் இது இல்ல, வேற. தேடாதீங்க.)

சரி, மேட்டருக்கு வருவோம்.

இந்தப் போட்டியில பல வருஷமா ஒரு விதி இருந்துச்சு. மெடல் வேணும்னா இன்னொரு டீமோட சேர்ந்து ஏதாவது செஞ்சிருக்கணும். 2022-ல வெள்ளிக்கான தகுதிகள்ல 'கொலாபரேஷன்' ஒண்ணு. அதைவிட ஆழமா நீண்ட நாள் சேர்ந்து வேலை செஞ்சா அதுக்குப் பேர் 'பார்ட்னர்ஷிப்', அது தங்கத்துக்கான தகுதிகள்ல ஒண்ணு. நோக்கம் ரொம்ப நல்ல நோக்கம். போட்டின்னு வந்துட்டா பசங்க ஒளிச்சு வைப்பாங்க, இப்படி ஒரு விதி இருந்தா பகிர்ந்துப்பாங்கன்னு நினைச்சிருப்பாங்க.

நடந்தது என்ன? தங்கச்சி சொன்னது: "ஜூலை மாசம் ஆனா போதும்ணா. தெனம் நாலு மெயில். 'ஹாய், நாங்க இன்ன ஊர் டீம், இந்த கூகுள் ஃபார்மை ஃபில் பண்ணுங்க, நாங்களும் உங்க ஃபார்மை ஃபில் பண்றோம்'. நாங்களும் அதையேதான் அனுப்புனோம்." நீ என் முதுகைச் சொறி, நான் உன் முதுகைச் சொறியறேன். அதை வெப்சைட்ல 'பதினாலு நாடுகளோட கூட்டு முயற்சி'ன்னு உலக வரைபடத்துல குண்டூசி குத்திக் காட்டறது.

ஐரோப்பால ஒரு டீமோட சேர்ந்து ஒரு ஆன்லைன் கருத்தரங்கு நடத்தினாங்களாம். அந்தக் கொடி போட்ட சர்டிபிகேட் அதுக்குத்தான். ஒன்றரை மணி நேரம். இவங்க பேசினது அவங்களுக்குப் புரியல, அவங்க பேசினது இவங்களுக்குத் தேவைப்படல. கடைசியில எல்லாரும் கேமராவை ஆன் பண்ணுங்கன்னு சொல்லி ஒரு ஸ்க்ரீன்ஷாட். முடிஞ்சுது கொலாபரேஷன்.

சிரிக்காதீங்க, நம்ம துறையிலயும் இதே கூத்து நடந்துச்சு. 2020 ஹேக்டோபர்ஃபெஸ்ட் ஞாபகம் இருக்கா? நாலு புல் ரிக்வெஸ்ட் போட்டா டி-ஷர்ட்னாங்க. ஓப்பன் சோர்ஸ் வளரும்னு ஆசைப்பட்டாங்க. ரீட்மீ ஃபைல்ல 'அற்புதமான ப்ராஜெக்ட்'னு ஒரு வரியைச் சேர்த்து ஆயிரக்கணக்குல ரிக்வெஸ்ட் குமிஞ்சுது. ப்ராஜெக்டை பராமரிக்கறவங்க கதறினாங்க. ஆரம்பிச்ச சில நாள்லயே விதியை மாத்தி, விருப்பம் தெரிவிச்ச ப்ராஜெக்டுக்கு மட்டும்தான்னு ஆக்கினாங்க. எதை எண்ணி பரிசு குடுக்கறோமோ அது எண்ணிக்கையில மட்டும்தான் வளரும்.

இப்ப அந்த லேப் நோட்டுக்கு வரேன்.

தங்கச்சி டீமோட ப்ராஜெக்ட் எங்க ஊர் சம்பந்தப்பட்டது. பட்டு நூல்ல செரிசின்னு ஒரு கோந்து இருக்கு. கச்சாப் பட்டோட எடையில கால்வாசி அளவுக்கு அதுதான். அதை எடுத்தாதான் பட்டுக்கு மினுமினுப்பு வரும், சாயம் ஏறும். சோப்பும் சோடாவும் போட்டு கொதிக்க வச்சு எடுக்கறாங்க. எவ்வளவு தண்ணி, எவ்வளவு விறகு, கழிவு எங்க போகுதுன்னு எங்க ஊர்க்காரங்களைக் கேளுங்க. கோந்தை மட்டும் கரைக்கற ஒரு நொதியை பாக்டீரியாவை வச்சு தயாரிச்சா, இவ்வளவு கொதிக்க வைக்க வேண்டாமேங்கறது இவங்க யோசனை. நொதியைப் பயன்படுத்தறது உலகத்துக்குப் புதுசில்ல. நம்ம காலேஜ் லேப்ல, நம்ம காசுல முடியுமாங்கறதுதான் கேள்வி.

நொதியை எவ்வளவு உற்பத்தி பண்ணணும்னு பாக்டீரியாவுக்குச் சொல்ல ஒரு ஸ்விட்ச் வேணும். பாட்டுக்கு வால்யூம் வைக்கற மாதிரி. எந்த ஸ்விட்ச் எவ்வளவு சத்தம்னு பார்க்க, நொதிக்குப் பதிலா முதல்ல பச்சையா ஒளிரற புரதத்தை மாட்டி, ஒளியை அளப்பாங்க. தைவான்ல ஒரு டீம் அதே ஸ்விட்ச்சை அளந்து எண்ணை வெளியிட்டிருந்தாங்க. தங்கச்சி டீமுக்கு வந்தது அதுல ஆறுல ஒரு பங்கு.

அதே டிஎன்ஏ. அதே பாக்டீரியா. ஆறுல ஒரு பங்கு!

நம்ம பசங்க மனசு எப்படி ஓடும்? 'நாமதான் தப்பு பண்ணியிருப்போம்'. ரெண்டு வாரம் திரும்பத் திரும்ப செஞ்சிருக்காங்க. அதே எண்தான். கடைசியில தயங்கித் தயங்கி தைவானுக்கு ஒரு மெயில். அங்கிருந்து ஒரு பொண்ணு கேட்டிருக்கு: "உங்க மிஷின் என்ன? குழியில எத்தனை மைக்ரோ லிட்டர் ஊத்தினீங்க?"

இங்கதான் எனக்கே தெரியாத ஒரு சங்கதி. பாக்டீரியா எத்தனை இருக்குன்னு பார்க்க ஓ.டி.ன்னு ஒண்ணு அளப்பாங்க. (காலேஜ்ல கட் அடிக்க வாங்கற ஓ.டி. இல்லீங்க.) கலங்கின திரவத்துல வெளிச்சத்தை விட்டா எவ்வளவு மறுபக்கம் வருதுங்கற கணக்கு. ஆனா அது மிஷினோட வடிவமைப்பைப் பொறுத்து மாறும். என் மிஷின் 0.5, உன் மிஷின் 0.2, ரெண்டும் ஒரே சரக்கா இருக்கலாம். ஒளிரற அளவும் அப்படித்தான். அலகோட பேரே 'ஏதோ ஒரு அலகு'ன்னு அர்த்தம் வர்ற பேர். முழத்துக்கு பூ வாங்கற மாதிரி. யார் முழம்?

ரெண்டு டீமும் சேர்ந்து ஒரு வேலை பண்ணாங்க. ஃப்ளோரசீன்னு ஒரு சாயம், தெரிஞ்ச அடர்த்தியில. பாக்டீரியா சைஸ்ல இருக்கற சிலிகா மணிகள், தெரிஞ்ச எண்ணிக்கையில. ரெண்டு பக்கமும் அதை அளந்து, தங்கள் மிஷினோட எண்ணை நிஜமான அலகுக்கு மாத்தினாங்க. வித்தியாசம் ஆறு மடங்குல இருந்து ரெண்டு மடங்குக்குக் குறைஞ்சுது. மிச்சம் இருந்ததை நோண்டினப்போ தைவான் டீம் ஒண்ணைக் கண்டுபிடிச்சுது. பாக்டீரியா இல்லாத வெறும் திரவமும் கொஞ்சம் ஒளிரும், அதைக் கழிக்க அவங்க மறந்திருந்தாங்க. தப்பு அங்க. அவங்களே தங்கள் பக்கத்துல எண்ணைத் திருத்திப் போட்டாங்க.

ஒன்பது ராத்திரி கால். அவங்களுக்கு நம்மைவிட ரெண்டரை மணி நேரம் முன்னால, அதனால அங்க நடுராத்திரி தாண்டிடும். ஒரு போட்டோகூட எடுக்கல. வெப்சைட்ல இதுக்கு நாலு வரி. கருத்தரங்குக்கு ஒரு முழுப் பக்கம், கொடிகளோட.

இதை ஐஜெம்காரங்க பெரிய அளவுல முன்னாடியே செஞ்சிருக்காங்கன்னு அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன். 2014-ல இருந்து 'இன்டர்லேப்'னு ஒரு ஆய்வு. உலகம் பூரா இருக்கற டீம்கள் ஒரே டிஎன்ஏ-வை ஒரே முறையில அளக்கணும். 2018-ல கலந்துகிட்டது 244 லேப். பாக்டீரியாவை எண்ண எந்த அளவுகோல் நம்பகம்னு பார்த்து, சிலிகா மணிகள்தான் உருப்படின்னு கண்டுபிடிச்சு, 2020-ல ஒரு நல்ல ஆய்விதழ்ல வந்துச்சு. ஒரு புரொபசர் ஒத்தை லேப்ல பத்து வருஷம் உக்காந்தாலும் இதைச் செய்ய முடியாது. ஏன்னா 'வேற வேற லேப்ல என்ன ஆகுது'ங்கறதுதான் கேள்வியே. ஸ்டான்ஃபோர்டா இருந்தாலும் ஸ்ரீபெரும்புதூரா இருந்தாலும் ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு எண். ரெண்டுக்கும் ஒரே எடை.

ஆரம்பத்துலயும் இப்படி ஒண்ணு உண்டு. 2004-ல டெக்சாஸ் ஆஸ்டின் டீம் பாக்டீரியாவை ஃபிலிம் மாதிரி வச்சு போட்டோ எடுத்தாங்க. முதல் போட்டோவுல என்ன எழுத்து தெரியுமா? 'ஹலோ வேர்ல்ட்'. (நம்மாளுங்கய்யா!) வெளிச்சத்தை உணர்ற புரதத்தைச் செஞ்சது சான் பிரான்சிஸ்கோ லேப், படம் விழ வைக்கற கருவி ஆஸ்டின்ல. 2005-ல நேச்சர் இதழ்ல சேர்ந்து போட்டாங்க. கண்ணு ஒருத்தர்கிட்ட, விளக்கு இன்னொருத்தர்கிட்ட. ஒண்ணு இல்லாம இன்னொண்ணால படம் இல்ல.

இதையெல்லாம் சொல்லிட்டிருக்கும்போது பெரியப்பா தறிக்குழியில இருந்து ஏறி வந்தார். முழுக்கக் கேட்டிருப்பார் போல. "நம்ம கோர்வை மாதிரி சொல்லு"ன்னார்.

தெரியாதவங்களுக்கு: காஞ்சிபுரம் சேலையில உடல் ஒரு கலர், கரை எதிர் கலர் இருக்குல்ல, அதுல கோர்வைச் சேலைன்னா கரையை தனியா நெஞ்சு தைக்கறதில்ல. உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடா, மொத்தம் மூணு. ஒவ்வொரு ஊடை இழை ஓடும்போதும் கரை இழையும் உடல் இழையும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கணும். நெசவாளி ஒருத்தர், கரைப்பக்கம் நாடா விட இன்னொருத்தர். அந்தக் காலத்துல இந்த இடத்துல சின்னப் பசங்களை உக்கார வச்ச கொடுமையும் நடந்திருக்கு, அதை நியாயப்படுத்தல. வேலையோட அமைப்பை மட்டும் பாருங்க. பெரியப்பா சொன்னது: "நான் எவ்ளோ பெரிய கைகாரனா இருந்தாலும் அந்தப் பக்கம் இருக்கறவன் நாடாவை விடலைன்னா ஒரு இழை ஏறாது. அவன் தூங்கினா சேலையும் தூங்கும்."

என் கருத்து அவ்வளவுதான், இதுதான். எது கூட்டணின்னு பார்க்க ஒரே கேள்வி போதும். அந்தப் பக்கம் இருக்கறவன் கையை எடுத்தா உன் வேலை நிக்குமா? நின்னா அது கோர்வை. நிக்காதுன்னா அது பின் குத்தின கரை.

2023-ல இருந்து மெடல் தகுதிகள்ல கொலாபரேஷன் இல்ல, எடுத்துட்டாங்க. இதைக் கேட்டதும் நான் "சபாஷ், சரியான முடிவு"ன்னு குதிச்சேன். அதே சூட்டுல பதிவும் எழுதியிருப்பேன். தங்கச்சிதான் பிரேக் போட்டா.

"உனக்கென்னண்ணா, ஈஸியா சொல்லிட்ட. அந்த ரூல் இருந்ததாலதான் தைவான் டீம் எங்க மெயிலுக்கு ரிப்ளை பண்ணுச்சு. அவங்களுக்கும் டிக் அடிக்க ஒரு டீம் வேணும். இல்லன்னா பேரே கேள்விப்படாத ஒரு காலேஜ்ல இருந்து 'உங்க எண் எங்களுக்கு வரல'ன்னு ஒரு மெயில் வந்தா எவன் திறப்பான்?"

ஙே-ன்னு முழிச்சேன். யோசிச்சுப் பார்த்தா நியாயம். பெரிய யூனிவர்சிட்டி டீமுக்கு பக்கத்து ரூம்லயே கேட்க ஆள் இருக்கு. நம்ம காலேஜ்ல மிஷின் இருந்தா ரீஏஜென்ட் இருக்காது, ரெண்டும் இருந்தா சாவி வச்சிருக்கறவர் லீவுல இருப்பார். பதிவுக் கட்டணமே ஐயாயிரம் டாலர் சுமாருக்கு, அதுக்கு மேல டிக்கெட், விசா. இவங்க பதினோரு பேர்ல பாரீஸ் போனது ரெண்டு பேர். தங்கச்சி போகல. அப்படிப்பட்ட டீமுக்கு அந்த விதி ஒரு கதவு. கதவு வழியா ஸ்பேம் வருதுன்னு கதவையே பேத்து எடுத்தா, உள்ள இருக்கறவனுக்கு நிம்மதி. வெளிய நிக்கறவனுக்கு?

அதனால என் நிலைப்பாட்டை மாத்திக்கறேன் (ஆமாங்க, பதிவு எழுதிட்டிருக்கும்போதே மாத்தறேன், மன்னிச்சிடுங்க). விதியை எடுத்தது சரி. வெறுமனே எடுத்துட்டு விட்டது சரியில்ல. அந்த இடத்துல இன்டர்லேப் மாதிரி பொது வேலை நடுநாயகமா உக்காரணும். ஒவ்வொரு டீமும் இன்னொரு டீமோட ஒரு எண்ணையாவது தன் லேப்ல திரும்ப அளந்து பார்க்கணும், வந்தாலும் போடணும், வரலைன்னாலும் போடணும். யார் யாரை அளக்கணும்கறது குலுக்கல்ல வரட்டும். அப்பதான் பிள்ளையார்பாளையம் பொண்ணோட மெயிலை பெரிய இடத்துக்காரங்க திறந்தாகணும். வேண்டியவங்களோட மட்டும் செல்ஃபி எடுத்துக்க முடியாது. 'உன் எண் எனக்கு வரல'ன்னு சொல்றது மரியாதைக் குறைவு இல்ல, அதுதான் இந்தத் துறையில ஒருத்தர் இன்னொருத்தருக்குச் செய்யற பெரிய உதவின்னு பசங்களுக்கும் புரியும்.

இன்னொண்ணு நமக்கு நாமே சொல்லிக்க வேண்டியது. பாரீஸையும் பாஸ்டனையும் பார்க்கறதுக்கு முன்னாடி பக்கத்துலயும் பார்க்கலாம். காஞ்சிபுரம் பட்டுங்கறதே பல ஊர் சேர்ந்து செய்யறதுதானே. நூல் பெரும்பாலும் கர்நாடகத்துல இருந்து, ஜரிகை சூரத்துல இருந்து, கை மட்டும் எங்க ஊர். தங்கச்சி டீம் பட்டுக் கோந்தைப் பத்தி ப்ராஜெக்ட் பண்ணாங்க, பதினாலு நாட்டுக்கு ஃபார்ம் அனுப்பினாங்க. சாயப்பட்டறைக்கு எத்தனை தடவை போனீங்கன்னு கேட்டேன். ரெண்டு தடவையாம். அதுல ஒரு தடவை போட்டோ எடுக்க.

"அந்த நொதி கடைசியில வேலை செஞ்சுதா?"ன்னு கேட்டேன்.

"கொஞ்சம் கரைச்சுது. முழுசா இல்ல. அதுக்குள்ள டெட்லைன் வந்துடுச்சு."

"அந்த தைவான் பொண்ணு?"

"அதுவா? இப்பவும் பேசுவோம். பிஎச்டி பண்றா. போன மாசம்கூட ஒரு எண்ணை அனுப்பி, 'இது சரியா இருக்கா பாரு'ன்னு கேட்டா."

கருத்தரங்கு நடத்தின டீம்ல ஒருத்தர் பேராவது ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். சர்டிபிகேட்டைத் திருப்பிப் பார்த்தா. அதுலயும் பேர் இல்ல, கொடி மட்டும்தான் இருந்துச்சு.

சர்டிபிகேட் மறுபடி பரணுக்குப் போச்சு. நோட்டை அவ எடுத்துகிட்டா.

பி.கு.: பயோடெக் மக்கள் யாராவது படிச்சா, ஓ.டி. விஷயத்துல நான் உளறியிருந்தா பின்னூட்டத்துல திருத்துங்க. அதுவும் ஒரு கோர்வைதான் :-)